கழுவாத பஞ்சு

மீன் தொட்டி வாங்கப்போவதாக என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலை டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஹாலில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. எந்தக் குழாயோ உடைந்துவிட்டது என்று பதறி உள்ளே ஓடினேன். என் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, அது நின்ற இடத்தில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கெட் பக்கெட்டாக அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில், காற்றடைத்துக் கட்டிய பாலித்தீன் பைக்குள் எட்டுத் தங்க மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுற்றின.

"இதென்னங்க?"

"டாக்டர்தான சொன்னாரு. பிரஷர் இறங்கணும்னா மனசுக்கு அமைதியா எதாச்சும் பாருங்கன்னு."

"அமைதியான்னு சொன்னாரு. மீன்னா சொன்னாரு?"

"மீனு சத்தம் போடுமா? அதைவிட அமைதி வேற என்ன இருக்குது?"

இதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை என்பது கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரிந்துபோன விஷயம். ஊட்டஹள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை அவருக்கு. ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டு வருகிறவர். அந்தப் புத்தியைத் தொழிற்சாலை வாசலிலேயே விட்டுவிட்டு வரத் தெரியாது. சமையலறை மேடையை நான் துடைத்த பிறகு இன்னொரு முறை துடைப்பார். ஸ்கூட்டரை ஞாயிறு தவறாமல் கழுவுவார். எங்கள் ஊர் மார்டள்ளிக்குப் போனால் தன் அண்ணன் வீட்டு மாட்டைக்கூட இரண்டு தடவை குளிப்பாட்டுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கண்ணாடித் தொட்டி எதற்கு என்று யோசித்திருக்க வேண்டும். கடைக்காரர் யோசிக்கவில்லை. "இன்னிக்கே மீன் போடலாம் சார், இந்த நீல மருந்து நாலு சொட்டு விட்டாப் போதும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. பி.யூ.சி. படிக்கும் எங்கள் மகள் தொட்டியைப் போட்டோ எடுத்துத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். மேல் மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள்கூட இறங்கி வந்து பார்த்து, "சென்னாகிதே" என்று கன்னடத்தில் மெச்சிவிட்டுப் போனார். அப்புறம் தண்ணீர் வெளுக்க ஆரம்பித்தது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "பசிக்குது" என்று அவர் இன்னும் கொஞ்சம் தீனி போட்டார். காலையில் நான் போட்டேன். கல்லூரியிலிருந்து வந்து மகள் போட்டாள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே இரண்டு மீன் செத்து மிதந்தன.

அவர் அவற்றைக் காகிதத்தில் சுற்றிக் கறிவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்துவிட்டு வந்தார். வந்ததும் தொட்டியை முழுக்கக் காலி செய்தார். கூழாங்கற்களைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தார். ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சை எடுத்துப் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுக் கசக்கிப் பிழிந்து, புதுசு போல வெள்ளையாக்கி வெயிலில் காயவைத்தார். தண்ணீரைப் புதிதாக ஊற்றினார். கண்ணாடி பளபளவென்று இருந்தது.

"இப்பப் பாரு" என்றார்.

பார்த்தேன். மூன்றாம் நாள் மறுபடியும் அரிசி களைந்த தண்ணீர்.

நான் வேலை செய்வது டயாலிசிஸ் பிரிவில். ரத்தத்தில் யூரியா ஏறினால் மனிதர் எப்படி ஆகிறார் என்று தினமும் பார்க்கிறவள். மேலே வந்து வாயைப் பிளக்கும் அந்த மீன்களைப் பார்த்தபோது அந்த முகங்கள்தான் ஞாபகம் வந்தன. ஓய்வு நேரத்தில் போனில் தேடித் தேடிப் படித்தேன். மீன் கழிக்கிற கழிவும் மீந்த தீனியும் அம்மோனியாவாக மாறுகிறது. அது மீனுக்கு விஷம். அந்த அம்மோனியாவைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லப் பெருக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டு, பஞ்சைத் தொடாமல் இருக்க வேண்டும். என் கணவர் ஒவ்வொரு தடவையும் அந்த உயிர்களைச் சோப்புப் போட்டுக் கொன்றுகொண்டிருந்தார்.

சாப்பாட்டு மேஜையில் இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன்.

"தொட்டிக்குக் கிட்னி இன்னும் வளரலைங்க. நீங்க வளர வளரப் பிடுங்கிப் போடுறீங்க."

"அழுக்குப் பஞ்ச அப்படியே உடச் சொல்லுற."

"ஆமா."

"அழுக்கு, மீனுக்கு நல்லது."

"அந்த அழுக்கு நல்லது."

அவர் ரசத்தைக் குடித்துவிட்டு, "ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவ பேசுற பேச்சா இது" என்றார். மகள் சிரித்தாள். "சும்னிரு நீ" என்று அவளை வாயை மூடச் சொல்லி அதட்டினேன்.

தண்ணீரைச் சோதிக்கும் கிட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, இரண்டு மருந்தைச் சொட்டுவிட்டுக் குலுக்கி, வருகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து. இதைவிட எளிதான சோதனை உலகத்தில் கிடையாது. எங்கள் வீட்டில் அதற்கும் சண்டை.

"மஞ்சதான்" என்றார் அவர், குழாயை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து.

"கண்ணைத் திறந்து பாருங்க, பச்சை."

"எலுமிச்சம்பழ மஞ்ச."

"எலுமிச்சங்காய்ப் பச்சை."

"கம்பெனியில கலர் பாத்துப் பாஸ் பண்ணுறவன் நானு. எனக்குச் சொல்லிக்குடுக்குறியா?"

மகளைக் கூப்பிட்டோம். அவள் குழாயை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் கண் டெஸ்ட் பண்ணணும். இது நல்ல பச்சை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். என் வேலையில் எல்லாவற்றுக்கும் முதல் விஷயம் தண்ணீர். ஆர்.ஓ. தண்ணீர் சரியாக இல்லாமல் மெஷினை ஆரம்பிக்க மாட்டோம். குழாய்த் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எனக்குத் தோன்றியது. அவரை நகரச் சொல்லிவிட்டு, சமையலறை ஆர்.ஓ. பியூரிஃபையரிலிருந்து காலை முழுக்கக் குடம் குடமாகப் பிடித்து, தொட்டியில் பெரும்பகுதியை மாற்றினேன். இவ்வளவு சுத்தமான தண்ணீரை அந்த மீன்கள் பிறவியிலேயே பார்த்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மீன்கள் எல்லாம் அடியில் போய்ச் சாய்ந்து கிடந்தன. மறுநாள் ஒன்று செத்தது.

பிறகுதான் உறைத்தது. எங்கள் பிரிவிலும் வெறும் ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே மெஷினில் விடுவதில்லை. வேண்டிய உப்புகளை அளந்து கலந்துதான் விடுகிறோம். அதைத் தினமும் கையால் செய்கிறவள், வீட்டில் வெறும் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கறிவேப்பிலைச் செடிப் பக்கம் போனார். திரும்பி வந்து, "உன் தண்ணி ரொம்பச் சுத்தம்" என்று மட்டும் சொன்னார். ஒரு வாரம் எனக்கு அதுவே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

அதன்பின் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து, குளோரின் போகும்படி ஒரு நாள் திறந்து வைத்திருந்து, கால்பங்கு மட்டும் மாற்றுவது. பஞ்சைத் தொடுவதில்லை. குளியலறையில் பாதியை டிரம் அடைத்துக்கொண்டது. பக்கெட்டுகள் எல்லாம் மீனுக்குப் போய்விட்டதால், நான் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் துணி ஊறவைக்கும் பேசினில் தண்ணீர் பிடித்துக் குளித்தேன். பஞ்சைத் தொடாமல் இருப்பது அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. ஒரு நாள் நான் வரும்போது பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"மோந்து பாத்தேன்."

"உள்ள வைங்க."

வைத்துவிட்டார். ஆனால் பஞ்சு ஏற்கெனவே வெளுத்திருந்தது. நான் குருடி இல்லை.

இதற்கு நடுவில் கோடை வந்துவிட்டது. காவேரித் தண்ணீர் குறைவாக வந்தது. ஒரு நாள் அவர் மாற்றிய தண்ணீரைப் பக்கெட்டோடு சாக்கடையில் கொட்டுவதை மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மாள் பார்த்துவிட்டார்.

"குடியோக்கெ நீரில்ல, நீவு மீனிகெ ஸ்னான மாடிஸ்தீரா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். குடிக்கவே தண்ணீரில்லாதபோது மீனைக் குளிப்பாட்டுகிறீர்களா என்று அர்த்தம். இவர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் வெளியே போய், ஏதோ சமாளிக்கலாம் என்று ஆரம்பித்து, கடைசியில் "நாங்களும் வாடகை கொடுத்துத்தானே இருக்கோம்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டேன். அது தேவையில்லாத பேச்சு. அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதோடு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. சொல்ல வேண்டியதை எல்லாம் என் மகளிடம் சொல்லி அனுப்புவார்.

அந்த ஏற்பாடுதான் எங்களைக் கவிழ்த்தது.

ஒரு சனிக்கிழமை ஆள்கள் வந்து வீட்டின் நிலத்தடித் தொட்டியைக் கழுவினார்கள். ப்ளீச்சிங் பவுடரைத் தாராளமாகப் போட்டுத் தேய்த்து, அரைகுறையாக அலசிவிட்டுப் புதுத் தண்ணீரை நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். "நாளைக்கு வரைக்கும் இந்தத் தண்ணியக் குடிக்க வேண்டாம்னு அம்மாகிட்டச் சொல்லு" என்று வீட்டுக்கார அம்மாள் மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் காதில் வயரை மாட்டிக்கொண்டு தலையாட்டியிருக்கிறாள். அது மட்டுமா? ஞாயிறு விடிந்ததும் எழுந்து, டிரம்மில் மீனுக்காகப் பிடித்து வைத்திருந்த தண்ணீரை முழுக்க எடுத்துத் தலைக்குக் குளித்துவிட்டாள். சர்ச்சில் முதல் பூசைக்குப் போக வேண்டும், கூந்தல் காய வேண்டும்.

டிரம் காலி என்பதைப் பார்த்த என் கணவர், ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் மாற்றாமல் விடுவாரா? குழாயிலிருந்து நேரே பிடித்து, பாதித் தொட்டிக்கு ஊற்றிவிட்டார்.

நான் உள்ளறையில் சேலைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வாடை வந்தது. வேலையில் தினமும் காலையில் மெஷினைத் தொடுவதற்கு முன் நாங்கள் தண்ணீரில் இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது இந்தக் குளோரினைத்தான். மடிப்பைப் பிடித்தபடியே ஹாலுக்கு வந்தேன். ஐந்து மீன்களும் பைத்தியம் பிடித்ததுபோல் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தன. ஒன்று அதற்குள் மல்லாந்துவிட்டது.

"என்ன ஊத்தினீங்க?"

"தண்ணிதான். வேற என்னத்த ஊத்துவாங்க?"

"மோந்து பாருங்க!"

மோந்தார். முகம் வெளுத்துவிட்டது. குளோரினை முறிக்கும் அந்த நீல மருந்துப் புட்டியைத் தேடினோம். காலி. அதைக் கழுவிக் கவிழ்த்து வேறு வைத்திருந்தார். மீன் கடை ஞாயிறு காலையில் திறக்காது. பியூரிஃபையர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் அதை மட்டும் ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் ஏற்கெனவே படித்த பாடம். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், குளோரின் கிடையாது. இரண்டையும் கலந்தால் ஓரளவு சரியாகும். ஆனால் போர்வெல் மோட்டாரின் சுவிட்ச் மாடியில், வீட்டுக்கார அம்மாளின் வீட்டுக்குள் இருந்தது.

மாடிப்படி ஏறும்போது எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. மீன் மேல் கோபம், தொட்டி மேல் கோபம், அமைதியாக எதையாவது பார்க்கச் சொன்ன அந்த டாக்டர் மேல் கோபம். கதவைத் தட்டினேன். அம்மாள் பூஜைக்குப் பூ எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அரைகுறையாகக் கட்டிய சேலையோடு நின்ற என்னைப் பார்த்து, வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பயந்துவிட்டார்.

"ஏனாய்து?"

மீன் சாகிறது, மோட்டார் போட வேண்டும் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"மகள்கிட்டச் சொல்லி அனுப்பினேனே!" என்றார். பிறகு பூவைக் கீழே வைத்துவிட்டு மோட்டாரைப் போட்டார். நான் படியிறங்கி முடிப்பதற்குள், தன் சமையலறையில் பிடித்து வைத்திருந்த குடிதண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

அந்தக் காலைப்பொழுது முழுக்க நாங்கள் நால்வரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். மகள் பின்பக்கக் குழாயிலிருந்து போர்வெல் தண்ணீரைக் கொண்டுவந்தாள், அழுதுகொண்டே. நான் கலந்தேன். அம்மாள் பழைய தண்ணீரைச் சொம்பால் மொண்டு வெளியேற்றினார். என் கணவர் எவர்சில்வர் டம்ளரால் தண்ணீரை மேலிருந்து அள்ளி அள்ளி ஊற்றி, காற்றுக் கலக்கும்படி செய்துகொண்டே இருந்தார். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை. "நானே கொன்னுபோட்டேன், நானே கொன்னுபோட்டேன்" என்று முனகினார். திட்டலாம் என்று வாயெடுத்தவள், பிரஷர் ஏறிவிடுமே என்று விழுங்கிக்கொண்டேன். திட்டக்கூட முடியாதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டு மீன் போய்விட்டன. மூன்று தேறின. கோயிலில் முதல் பூசை முடிந்து, இரண்டாம் பூசைக்கும் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பாப" என்றார், பாவம் என்று. மீனையா, அவரையா, என்னையா என்று தெரியவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, இனிமேல் மாற்றுகிற தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் மாடிக்குக் கொண்டுவந்தால் தன் ரோஜாத் தொட்டிகளுக்கு ஊற்றிக்கொள்வதாகச் சொன்னார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் மறுபடி பேச்சு.

கொஞ்ச நாளில் மார்டள்ளியிலிருந்து போன் வந்தது. அவருடைய அண்ணன் வரப்பில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். சோளம் அறுவடைக்கு நிற்கிறது, பார்க்க ஆளில்லை. இவர் லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போகும் கொள்ளேகால் பஸ் ஏறினார். ஏறும்முன் எனக்கு ஆயிரம் யோசனை சொன்னார். ஒன்றையும் நான் காதில் வாங்கவில்லை.

அவர் இல்லாத நாள்களில் நான் செய்தது மிகக் குறைவு. காலையில் ஒரு சிட்டிகைத் தீனி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை டிரம்மில் திறந்து வைத்திருந்த தண்ணீரால் கால்பங்கு மாற்றுவது. டிரம்மின் மேல் பூட்டுப் போட முடியாததால், மகளைக் கூப்பிட்டு எச்சரிக்கை. பஞ்சின் பக்கமே போகவில்லை. அது பழுப்பாகி, கொழகொழவென்று, பார்க்கவே சகிக்காமல் ஆனது. கற்கள் மேல் மெலிதாகப் பாசி பிடித்தது. ஆனால் தண்ணீர் ஒரு நாள் காலையில், யாரும் எதுவும் செய்யாமலே, தெளிந்திருந்தது. சோதித்துப் பார்த்தேன். மஞ்சள். மகளைக் கூப்பிட்டு வெயிலில் காட்டினேன். "மஞ்சள்தாம்மா" என்றாள். மேலும் இரண்டு நாள் சோதித்தேன். அதே மஞ்சள்.

அவர் தினமும் சாயங்காலம் போன் செய்வார். நான் சாப்பிட்டேனா, டியூட்டி எப்படி என்று ஒரு கேள்வி கிடையாது. எடுத்ததும், "தண்ணி எப்படி இருக்குது?"

"தெளிஞ்சிடுச்சுங்க. அம்மோனியா சுத்தமா இல்ல."

மறுமுனையில் மாடு கத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "நான் அவ்வளவு கழுவி வச்சுட்டு வந்தேனில்ல" என்றார்.

போனை வைத்துவிட்டேன். மறுபடி அடித்தார். எடுக்கவில்லை.

அறுவடை முடிந்து, வெயிலில் கறுத்து, ஒரு மூட்டை சோளக்கதிரோடு வந்து சேர்ந்தார். பையைக் கீழே வைக்காமலே தொட்டி முன்னால் போய்க் குனிந்தார். மூன்று மீன்களும் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தன. முன்பைவிடச் சதை பிடித்திருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. கண்ணாடி ஓரத்தில் பிடித்திருந்த பாசியைப் பார்த்தார். கற்களைப் பார்த்தார். பழுப்பேறிய பஞ்சைப் பார்த்தார். வலது கை விரல்கள் தானாகவே மடங்கி விரிந்தன.

"தொடாதீங்க" என்றேன்.

"நான் என்ன பண்ணினேன்?"

"பார்வையே சரியில்ல. தொடாதீங்க."

"கண்ணாடியையாவது..."

"முன்பக்கம் மட்டும். துணியால. சோப்பு இல்லாம."

துடைத்தார். முன்பக்கத்தை ஒரு வழியாக்கும்வரை துடைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சோளக்கதிரை வேகவைக்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் நாற்காலி காலியாக இருந்தது. வெளியே தண்ணீர் சத்தம். பதறிப்போய் எட்டிப் பார்த்தேன்.

ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். சக்கரக் கம்பிகளைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். அது முடிந்ததும் வீட்டுக்கார அம்மாளின் ஸ்கூட்டியை இழுத்துப்போட்டுக்கொண்டார். கோடைக்காலம், தண்ணீர் இல்லை. மாடியிலிருந்து அம்மாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கத்தப்போகிறார் என்று நான் வாசலில் நின்றேன்.

"பின்பக்கம் மட்கார்டுலயும் சேறு இருக்கு" என்றார் கன்னடத்தில்.